புறவாசல் தோட்டமும் வீட்டுக் கடிகாரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

‘கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்’ என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் ஊரான புளியறையிலிருந்து பார்த்தால் இதன் பொருள் சற்று மாறிவிடும். கத்தரிக்காய் வருகிறது, ஆனால் நிற்காமல் போய்விடுகிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் மலையேறுகிறது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காய்கறிகள் அந்தச் சாலை வழியேதான் கேரளம் போகின்றன. அப்படிப் போகும் மினி லாரிகளில் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தை. எஸ் வளைவில் ஏறுவதற்கு முன், எங்கள் தெருவுக்கு நேரே வரும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். “அப்பா போறாவ” என்பாள் தங்கை. இரண்டு டன் காய்கறி எங்களைக் கடந்து போகும். வீட்டில் அன்றைக்கு ரசமும் துவையலுமாக இருக்கும்.

இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஏற்றுகிற சரக்கு வேறு, வீட்டுச் செலவு வேறு என்பதில் அப்பா கண்டிப்பானவர். வாரம் ஒருமுறை செங்கோட்டையில் காய்கறி வாங்குவோம். மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அதுவும் வாங்கவில்லை. யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, 2024 ஜூன் மாதம் வரையில்.

அந்த மாதம் கார் நடவுக்குப் போன அம்மா வயலிலேயே மயங்கி விழுந்தார்கள். இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9 கிராம் என்றார்கள். பெண்களுக்கு அது 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் குறை உள்ளவர்களே. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தந்து, “தினமும் கீரை, காய்கறி சேருங்க” என்றார். அப்போதுதான் நான் இந்தக் கல்லூரியில் தாவரவியல் வகுப்பில் இடம் வாங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். செடிகொடியைப் படிக்கப் போகிறவன் வீட்டில் கீரைக்கு அலைவதா என்று ஒரு வேகம் வந்தது. “எம்மா, நான் தோட்டம் போடுதேன்” என்று அறிவித்துவிட்டேன். அந்த அறிவிப்பிலிருந்து இன்றுவரை நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது. (இந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரால் ஓர் அறையில் தொடங்கப்பட்டது என்பதும், 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது என்பதும் நண்பர்கள் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம்.) அப்பா, அம்மா, ஆச்சி, தங்கை, நான் ஆக ஐந்து பேர். நாளொன்றுக்கு 2 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. ஒரு குடும்பத்துக்கு 5 சென்ட் தோட்டம் இருந்தால் நல்லது என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதுண்டு. எங்கள் புறவாசல் ஒன்றேகால் சென்ட், அதாவது சுமார் 540 சதுர அடி. அதிலும் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, துவைக்கிற கல், அங்கணக்குழி எல்லாம் அடக்கம்.

ஆகவே வேண்டியதையெல்லாம் விளைவிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதை விளைவிப்பது, எதைக் கடையில் வாங்குவது என்ற கேள்விதான் உண்மையான கேள்வி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் பல நாள் கிடந்தாலும் கெடாதவை. அவற்றுக்கு இடம் ஒதுக்குவது வீண். கீரை அப்படியன்று. காலையில் பிடுங்கியது மாலையில் துவண்டுவிடும். அதிலுள்ள வைட்டமின் ‘சி’ சத்தும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். எது பயணத்தில் வாடுமோ அதையே வீட்டில் வளர்ப்பது என்பது நான் பின்னால் கண்டுகொண்ட விதி. ஆனால் தொடக்கத்தில் எனக்கு அந்த விவேகம் இல்லை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 12 வகை விதைகள் அடங்கிய பொட்டலம் மானிய விலையில் தரப்பட்டது. அதைப் பார்த்த நினைவில் நானும் 12 வகை சேர்த்து வாங்கி, 12 வகையையும் ஒரே நாளில் விதைத்தேன்.

அன்று ஆடி மாதம் நான்காம் நாள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஆன்றோர் சொல்லியிருக்க, யோசிப்பானேன் என்பது என் எண்ணம். அம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்கள்: “எய்யா, அது மழைக்கு ஏங்குத ஊருக்காரன் சொன்னது. இங்க ஆடியில விதைச்சா முளைக்கும்; மறுவாரமே அவிஞ்சு போயிரும்.” நான் கேட்கவில்லை.

தமிழகத்தின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவில் இருப்பது. ஆரியங்காவுக் கணவாய் அந்தக் காற்றுக்குத் திறந்த கதவு. குற்றாலத்தில் சாரல் என்று நாடே கொண்டாடுகிறதே, அந்தச் சாரல்தான் எங்கள் புறவாசலில் ஆனி, ஆடி இரு மாதமும் இரவு பகலாகத் தூறிக்கொண்டிருக்கும். வெயில் முகம் காட்டாது, மண் ஆறாது. விதைகள் அழகாக முளைத்தன. எட்டாம் நாள் காலையில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகள் தரையை ஒட்டிய இடத்தில் நூல்போல் சூம்பி, வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. இது நாற்றழுகல் நோய். பித்தியம் என்னும் பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர், நீர் தேங்கிய மண்ணில் நெருக்கமாக முளைத்த நாற்றின் கழுத்தைத் தாக்குவதால் வருவது. விதைகளை டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையில் (கிலோ விதைக்கு 4 கிராம் வீதம்) புரட்டி, மேட்டுப்பாத்தியில், கலக்கமாக விதைத்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். இந்தச் செய்தியை நான் வகுப்பில் படித்தது ஆறு மாதம் கழித்து. அம்மா அதைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

ஆவணிக் கடைசியில் மறுபடி விதைத்தேன். ஓரடி உயர மேட்டுப்பாத்தி. சாம்பலும் மணலும் கலந்த மண். இந்த முறை எல்லாம் வந்தது. புரட்டாசியில் முளைக்கீரை பிடுங்கினோம், ஐப்பசியில் சீனியவரைக்காய் பறித்தோம். பக்கத்து வீட்டினர் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். கல்லூரியில் நண்பர்களிடம் என் தோட்டத்தைப்பற்றி நான் பேசாத நாள் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. எனக்குக் காலை 7.20 மணிக்குப் பஸ். திரும்பும்போது மாலை ஆறரை. அப்பா இரவில் ஓட்டிப் பகலில் தூங்குகிறவர். தங்கைக்குப் பத்தாம் வகுப்பு. ஆச்சிக்குக் குனிய முடியாது. அப்படியானால் தண்ணீர் ஊற்றியது யார்? களை பறித்தது யார்? சரிந்த பந்தலை நிமிர்த்தியது யார்? தோட்டம் போட்டவன் நான், தோட்டத்தைச் சுமந்தவர்கள் அம்மா. ஐப்பசியில் ஒரு வாரம், வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிப் பார்த்தேன். நாளொன்றுக்குத் தோட்டம் கேட்ட நேரம் 55 நிமிடம். அதில் என் பங்கு 8. தங்கையின் பங்கு 7. மிச்சம் 40 நிமிடமும் அம்மாவுடையது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சோறாக்கி, எட்டு மணிக்கு வயலுக்குப் போய், நான்கு மணிக்குத் திரும்பி, இரவு ஒன்பதரை வரை பீடி சுற்றுகிற ஒரு பெண்ணின் நாளில் 40 நிமிடம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வந்தது. இரத்தம் ஊறட்டும் என்று தொடங்கிய காரியம் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ‘வெற்றித் தோட்டம்’ என்ற பெயரில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1965-இல் உணவுப் பற்றாக்குறை வந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் வீட்டுப் புல்தரையையே உழுதார். போற்ற வேண்டிய செயல்கள்தாம். ஆனாலும் என் நோட்டைப் பார்த்த பிறகு, இவற்றுக்கெல்லாம் அன்றாடம் தண்ணீர் ஊற்றியவர்கள் யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் நான் செய்தேன். 2025 தை மாதம் எங்கள் தக்காளி, மிளகாய்ச் செடிகளின் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகப் புள்ளி விழுந்தது. இலை சிறுத்து நெளிந்தது. காய்ப்பு நின்றது. அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் புகையிலைத் தேமல் வைரசைப் பற்றிப் பாடம் நடந்தது. நம் துறையினர் அறிந்ததே. பிற துறை நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயுற்ற புகையிலையின் சாற்றால் நோய் பரவும் என்று 1886-இல் மேயர் காட்டினார். பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியையும் அந்த நோய்க்காரணி கடந்துவிடும் என்று 1892-இல் இவானோவ்ஸ்கி கண்டார். பெய்ஜெரிங்க் 1898-இல் அதற்கு வைரஸ் என்ற பெயரை வழங்கினார். 1935-இல் ஸ்டான்லி அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். வைரஸ் இயலின் வரலாறே இந்த ஒரு நோயிலிருந்து புறப்பட்டது எனலாம். இதன் விசேஷம் என்னவென்றால், பதப்படுத்திய உலர்ந்த புகையிலையிலும் இது ஆண்டுக்கணக்கில் வீரியத்துடன் இருக்கும். பரவுவதற்குப் பூச்சிகூடத் தேவையில்லை. கையில் ஒட்டியிருந்து, செடியைத் தொடும்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு காயத்தின் வழியே உள்ளே போய்விடும். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பம்.

பேராசிரியர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை கண்முன் வந்துவிட்டது. பீடித்தட்டு, கத்தரித்த இலை, குவித்த தூள், அம்மாவின் விரல்கள். அந்தத் தூள் பட்ட கையோடு எழுந்துபோய்த்தான் அம்மா தக்காளிக்குக் குச்சி கட்டுவார்கள். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில், புத்தகப் பையைக்கூட இறக்காமல், “எம்மா, இனிமே தக்காளிச் செடியத் தொடாதீங்க. உங்க கையிலதான் சீக்கு இருக்கு” என்று சொன்னேன். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சொன்ன சொல்.

அம்மா சுற்றிக்கொண்டிருந்த பீடியைத் தட்டில் வைத்தார்கள். “அப்ப எங்கை பட்டுத்தான் செடி பட்டுப்போச்சுங்கியா?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கை சுற்றிய பீடியில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை நோட்டு வாங்கினேன். மூன்று நாள் அம்மா தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. நானும் கேட்கவில்லை. கீரைப்பாத்தி காய்ந்தது.

நான்காம் நாள், நோயுற்ற இலைகளைக் காகிதத்தில் மடித்து எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தேமல் மாதிரி இருக்கு. ஆனா இலை சுருண்டிருக்கிறதுக்கு வெள்ளை ஈ, இலைப்பேன் பரப்புற வேற வைரஸும் காரணமா இருக்கலாம். சோதனை பண்ணாம எதையும் அறுதியிட்டுச் சொல்லக்கூடாது. உங்க அம்மாகிட்ட நீ எப்படிச் சொன்னே?” என்று கேட்டார். சொன்னேன். “இதே வார்த்தையை ஆய்வுக் குறிப்பிலே எழுதியிருந்தா நான் அடிச்சிருப்பேன்” என்றார். அவ்வளவுதான். அன்று இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னது நிரூபணமானதன்று என்றும், நிரூபணமாகியிருந்தாலும் குற்றம் புகையிலையில் இருக்கிற வைரசுடையதேயன்றிக் கையுடையது அன்று என்றும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. “நாளைக்குக் கீரைக்குத் தண்ணி ஊத்தணும்” என்றார்கள். நான் போய் ஊற்றினேன்.

அதன் பிறகுதான் வீட்டார் ஐந்து பேரும் உட்கார்ந்து தோட்டத்தைப் புதிதாகத் திட்டமிட்டோம். அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். 12 வகையை 7 ஆக்கினோம். விதைப் பொட்டலத்தைப் பார்த்துத் திட்டமிடாமல், யாருக்கு எந்த நேரத்தில் கை ஓய்வு என்று பார்த்துத் திட்டமிட்டோம்.

இதற்குத் தாவரவியல் ஒரு வகையில் துணை செய்தது. பூசணியின் பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலில் மூடிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. இவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூவின் அடியில் பிஞ்சு இருந்தால் பெண்பூ. சாரல் நாட்களில் தேனீ வெளியே வராது. நாமே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் சூல்முடியில் தடவினால்தான் காய் பிடிக்கும். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். நான் வீட்டில் இருப்பது அதிகாலையில். ஆகவே பூசணி என் பொறுப்பு. பல் தேய்த்துக்கொண்டே செய்துவிடுகிற வேலை. மாலையில் பள்ளி விட்டு வரும் தங்கைக்குப் பீர்க்கு. சுரையை விட்டுவிட்டோம். அது படர்ந்தால் எங்கள் புறவாசலை முழுவதும் எடுத்துக்கொள்ளும். மேலும் அப்பாவுக்குச் சுரைக்காய் பிடிக்காது.

தண்ணீருக்கு அப்பா ஒரு வழி சொன்னார். துவைக்கிற கல்லிலிருந்தும் குளிக்கிற இடத்திலிருந்தும் வரும் நீரை, வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் விட்டுவிடுவது. சோப்பு நீரைக் கீரைமீது ஊற்றக்கூடாது. கீரை இலையை நாம் அப்படியே உண்கிறோம், உப்பும் மண்ணில் தங்கும். ஆகவே கீரைக்கு அரிசி, காய் கழுவிய நீர் மட்டும். கீரைப்பாத்தியை மூலையிலிருந்து எடுத்து, அடுக்களை வாசலிலிருந்து அங்கணக்குழிக்குப் போகும் பாதையை ஒட்டி அமைத்தோம். எப்படியும் நாளுக்குப் பத்து முறை நடக்கிற வழி. நடக்கிறபோதே செம்பில் இருக்கும் நீர் அதற்குப் போய்விடும். தனியாகத் தண்ணீர் ஊற்றும் நேரம் என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. முளைக்கீரை விதைத்த 25 நாளில் பிடுங்கலாம். வாரத்துக்கு ஒரு கைப்பாத்தி விதைத்து வந்தால் இடைவெளி விழாது. வெயில் நன்றாக விழும் இடம் கீரைக்கு வேண்டும். தென்னை நிழலில் சேம்பும் மஞ்சளும் தாராளமாக வரும்.

தக்காளி, மிளகாய் இரண்டும் என் வேலை. யார் தொட்டாலும், நான் உட்பட, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தொடுவது என்பது வீட்டுச் சட்டம். பீடித்தூள் சிதறலை எருக்குழியில் போடுவதில்லை. ஆனால் கத்தரித்து மிஞ்சும் பீடி இலைத் துண்டுகள் மூடாக்குக்கு அருமையானவை. அது புகையிலை அன்று, வடக்கே காடுகளிலிருந்து வரும் தெண்டு மரத்தின் இலை. தூள் கலக்காமல் தனிச் சாக்கில் சேர்த்து, பாத்தியின்மேல் பரப்புகிறோம். மண் ஈரம் காக்கிறது, களையும் குறைகிறது. இந்த யோசனை அம்மாவுடையது.

ஆச்சிக்கும் வேலை உண்டு. கோழி விரட்டுவது, விதையைச் சாம்பலில் புரட்டிப் பத்திரப்படுத்துவது. ஆச்சி பிறந்தது ஆரியங்காவில். அவர் பிறந்தபோது ஆரியங்காவும் புளியறையும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யம். 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டைப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். கோட்டைவாசலைத் தாண்டினால் இன்றும் வீட்டைச் சுற்றித் தென்னை, அதில் ஏறும் நல்லமிளகு, கீழே வாழை, அதன் கீழே சேனை, சேம்பு, மரச்சீனி என்று மாடிமாடியாக ஒரே மண்ணில் பயிர் நிற்பதைக் காணலாம். “வெதச்சு வெதச்சுப் பார்க்காத. கெழங்கப் போடு. அது பாட்டுக்குக் கெடக்கும்” என்பது ஆச்சியின் விவசாயப் பாடம். நேரம் இல்லாத குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த யோசனையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆடியில் விதைதான் அழுகும், கிழங்குக்கொடி தழைக்கும். 2025 ஆடியில் சிறுகிழங்குக் கொடித்துண்டுகளை நட்டோம். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறுகிழங்கு இல்லாமல் நம் பக்கத்தில் பொங்கல்படி நிறையாது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது. கார்த்திகையில் ஓர் இரவு காட்டுப்பன்றி வந்துவிட்டது. மலையடிவார ஊர்களில் இது புதிதன்று. பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தோம். ஒரு மூலையில் அவிழ்ந்திருந்தது. காலையில் பார்த்தால் சேம்பும் சிறுகிழங்கும் உழுதுபோட்டாற்போல் கிடந்தன. ஆச்சி மட்டும் கலங்கவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டிப் பழைய சிமெண்ட் சாக்குகள் ஆறில் கொஞ்சம் கொடியைத் தனியாக நட்டு வைத்திருந்தார். எங்கள் யாரிடமும் அதை அவர் சொல்லியிருக்கவில்லை.

கீரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கீரை தின்றால் இரத்தம் ஊறும் என்பது பாதி உண்மை. முளைக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிகிராம் இரும்பு இருக்கலாம். பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 29 மில்லிகிராம். கீரையிலுள்ள இரும்பில் உடல் ஏற்றுக்கொள்வதும் மிகச் சிறு பங்கே. எலுமிச்சை, தக்காளி போன்றவற்றின் வைட்டமின் ‘சி’ அந்தப் பங்கைக் கூட்டும். தேநீரின் துவர்ப்புச்சத்து அதைத் தடுக்கும். அம்மா சாப்பிட்ட கையோடு கட்டஞ்சாயா குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள். அதை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தோம். கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தோம். மாத்திரையை நிறுத்தவில்லை. 2025 செப்டம்பரில் சோதித்தபோது 10.9 வந்தது. இது மாத்திரையாலா, கீரையாலா, தள்ளிப்போன சாயாவாலா, மிச்சமான தூக்கத்தாலா என்று யாராவது கேட்டால், பேராசிரியர் சொன்னதை நினைத்து நான் வாயைத் திறக்கமாட்டேன்.

தோட்டம் இப்போது நாளுக்கு 600, 700 கிராம் தருகிறது. நாங்கள் உண்ணவேண்டிய 2 கிலோவில் அது மூன்றில் ஒரு பங்கு. மற்றதைச் செங்கோட்டையில் வாங்குகிறோம். எனக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயில் கொஞ்சம் அதற்குப் போகிறது. மார்கழியில் மறுபடி ஒரு வாரம் கணக்கு எழுதினேன். மொத்தம் 22 நிமிடம். அம்மாவின் பங்கு 6. அந்த ஆறும் அவர்கள் வேண்டாமென்று விடமாட்டேன் என்கிற ஆறு. பீடித்தட்டை இறக்கி வைத்து, கையைத் தேய்த்துக் கழுவி, பாத்தியருகே சும்மா நிற்கிற நேரம். அதை வேலை என்று எழுதலாமா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஆச்சியின் சாக்குகளில் இரண்டரைக் கிலோ சிறுகிழங்கு கிடைத்தது. தைப் பொங்கலன்று படியில் வைத்தது போக, விதைக்கென்று ஒரு கிலோ சாம்பலில் கிடக்கிறது. வைகாசி பிறந்ததும் நாற்றங்கால் போடுவோம். ஆடியில் கொடித்துண்டு வேண்டுகிற நண்பர்கள் இப்போதே சொல்லி வைத்தால் எடுத்து வருகிறேன். பூசணி விதையும் சீனியவரை விதையும் கைவசம் உண்டு. தக்காளி, மிளகாய் விதை மட்டும் என்னிடம் கேட்கவேண்டாம். அந்த வைரஸ் விதைத்தோலிலும் ஒட்டியிருக்கும் என்று படித்திருக்கிறேன். எங்கள் செடிகளை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.